மாப்பிள்ளை வண்டிக்கு மூச்சு நின்ற வழக்கு

கொல்லம் ஆண்டு 1113 ஆவணியில், வலியசாலை அக்ரஹாரத்தில் இருநூறு வீடு, முன்னூறு வக்கீல் குமாஸ்தா, நானூறு பசுமாடு, ஒரே ஒரு திறந்த மோட்டார் கார். அந்தக் கார் என்னுடையது. எண்ணிக்கையில் சந்தேகம் இருக்கிறவர்கள் மாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். காரைக் குறைக்க விடமாட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் தெருக்களில் ஜானவாசம். மாப்பிள்ளைக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டி, திறந்த வண்டியில் ஏற்றி, முன்னால் நாகஸ்வரம், பின்னால் பெண்டுகள் என்று ஊர்வலம் விடுவார்கள். அந்த வேலைக்கு என் வண்டியை விட்டால் வேறு கதி கிடையாது. அதற்குப் பேரே மாப்பிள்ளை வண்டி. நாற்பத்தேழு மாப்பிள்ளைகளை அதில் ஏற்றியிருக்கிறேன். ஒருவனாவது முன்சீட்டில் ஜரிகைத் தலைப்பாகையோடு ஸ்டியரிங் பிடித்திருந்த என்னைவிட லட்சணமாக இருந்தான் என்று யாரும் சொல்லட்டும், பார்க்கலாம்.

இப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு சத்துரு இருந்தான். பேர் நேசையன். மார்த்தாண்டத்துக்காரன். சாலைக் கம்போளத்தில் இரும்புக் கடைகளுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்தான். அவன் எனக்குச் செய்த கெடுதல் ஒன்றே ஒன்றுதான்: என் வண்டி அவன் சொன்னபடி கேட்டது.

காலையில் நான் கிராங்க் கம்பியை மாட்டிச் சுற்றுவேன். பத்து சுற்று, இருபது சுற்று. தோள்பட்டை கழன்று, பூணூல் முதுகில் ஒட்டி, சமுத்திரம் மாதிரி வேர்த்து நிற்கும்போது, நேசையன் அந்த வழியாக வருவான். "கொஞ்சம் மாறும் அய்யரே" என்று சொல்லி, ஊறுகாய் எடுக்கிறவன் மாதிரி இரண்டு விரலால் கம்பியைத் தூக்குவான். வண்டி "இதோ வந்துட்டேன்" என்று கிளம்பிவிடும். நான் தினம் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுகிற வண்டி! எண்ணெய்க் கையோடு வந்த ஒருவனைக் கண்டு அது குழைகிற குழைச்சலைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வைகாசியில் வண்டி நீலப் புகை விட்டது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று நேசையன் நாலு சிலிண்டருக்கும் புது ரிங் போட்டான். ஆனியில் ஒரு கல்யாணம். வண்டி வெண்ணெயில் கத்தி போல் போயிற்று. தெரு முழுக்க ஒரே பேச்சு.

"என்ன சுகமாப் போறது பாருங்கோ! நேசையன் கைராசியாக்கும்!"

நான் முன்சீட்டில் உயிரோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் என்னைப் பார்க்கவில்லை. இறங்குகிறபோது மாப்பிள்ளையே, அவன் பல்லைத் தட்ட, "மெக்கானிக் ஆரு?" என்று கேட்டான். எனக்கு மூன்று நாள் சாதம் இறங்கவில்லை. மூன்று நாள் என்பது கொஞ்சம் கூடுதல். ராத்திரி மோர்சாதம் மட்டும் இறங்கவில்லை.

அப்போதுதான் தீர்மானம் செய்தேன். வண்டியின் வயிறு அவனுடையதாக இருக்கட்டும். முகத்தை என்னுடையதாக்கிவிட வேண்டும். என் பேர் சேஷன் அல்லவா? தோவாளையிலிருந்து பஸ்ஸில் பூ வரவழைத்தேன். தென்னங்கீற்றை நெருக்கமாகத் தடுக்குப் பின்னி, அதன்மேல் இண்டு இடுக்கு இல்லாமல் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் துளசியும் வைத்துத் தைத்து, ஐந்து தலை ஆதிசேஷன் ஒன்று செய்யச் சொன்னேன். படமெடுத்த நிலையில் ஓர் ஆள் உயரம். அதை வண்டியின் முகப்பில், ரேடியேட்டரை முழுக்க மறைத்துக் கட்டினேன்.

என் சகதர்மிணி சூடாமணி வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் சரியான கேள்வியைக் கேட்டாள்.

"ஏன்னா, மூஞ்சியை இப்படி அடைச்சுட்டேளே, அது எதால மூச்சு விடும்?"

"வண்டி என்ன மாடா, மூக்கால மூச்சு விட? உள்ளே போய்ப் பாயசத்தைக் கிண்டு."

"பாயசம்கூட மூடி வெச்சாப் பொங்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆவணியின் முதல் ஜானவாசம். தெரு திமிலோகப்பட்டது. "சேஷன் வண்டியிலே சேஷன்!" என்று குழந்தை முதல் கிழம் வரை ஓடிவந்தன. நாகஸ்வரக்காரர் கோவில் மூலையில் நின்று தோடியை ஆரம்பித்தார். ஆரம்பித்தாரே தவிர, முடிக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் என்று நான் சொல்வேன். அரை மணி என்று மற்றவர்கள் சொல்வார்கள். அத்தனை நேரமும் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று ஆதிசேஷனின் நடுத்தலையிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது.

"ஐயோ, பகவானே! பாம்பு மூச்சு விடறது!" என்று ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து நாலு தெருப் பெண்டுகளும் போட்டுக்கொண்டார்கள்.

புத்தியுள்ளவன் அந்த க்ஷணமே இன்ஜினை நிறுத்தி, பூவைப் பிய்த்து எறிந்திருப்பான். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "உள்ளே சாம்பிராணி வெச்சிருக்கேனாக்கும்" என்றேன்.

அரைத் தெருவுக்கு மேல் அந்தச் சாம்பிராணி தாங்கவில்லை. வண்டி கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளையைப் பத்து பேர் சேர்ந்து வண்டியோடு தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். நான் பாம்பை அவிழ்த்து எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் பச்சைத் தண்ணீர் வாங்கி, கொதிக்கிற ரேடியேட்டரில் அப்படியே கவிழ்த்தேன். உள்ளே எங்கேயோ 'ணங்' என்று ஒரு சத்தம். பத்மநாபசுவாமி கோவில் மணி இரண்டாகப் பிளந்தால்கூட அப்படிக் கேட்காது.

மறுநாள் வண்டி கிளம்பிற்று. ஆனால் அது என் வண்டி இல்லை. தத்தக்கா பித்தக்கா என்று இருமிற்று. புளிமூடு ஏற்றத்தில் ஒரு கட்டைவண்டி என்னைத் தாண்டிப் போயிற்று. அந்தக் காளைகளில் ஒன்று திரும்பிப் பார்த்துச் சிரித்ததை நான் சத்தியம் செய்து சொல்வேன். காளையைவிடப் பெரிய கஷ்டம், ஏற்றத்தின் உச்சியில் வக்கீல் வெங்கடசுப்ரமணியன் நின்றுகொண்டிருந்ததுதான். அவர் மகள் அனந்தலக்ஷ்மிக்கு எட்டாம் நாள் கல்யாணம்.

"என்னடா சேஷா, வண்டிக்கு க்ஷயரோகமா? நேத்திக்கு நான் கோட்டயத்திலே கேஸுக்குப் போயிருந்தேன். புகை விடற பாம்பைப் பத்தி ஊரெல்லாம் பேசறது. எங்காத்துக்கும் அந்தப் பாம்பு வேணும், புகையும் வேணும். ஆனா வண்டி இப்படி இருமினா எப்படி?"

அந்த நேரத்தில் என் நாக்கில் உட்கார்ந்தது சரஸ்வதி இல்லை, மூதேவி.

"எல்லாம் நேசையன் போட்ட ரிங் மாமா. மூணே மாசத்திலே உடைஞ்சுடுத்து. கைராசி, கைராசின்னு ஊர் சொல்றதே, இதாக்கும் அந்தக் கைராசி!"

சொன்னவுடன் என்ன சுகம்! ஆனியிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது. வக்கீல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், சாயங்காலத்துக்குள் செய்தி சாலைக் கம்போளத்தை எட்டிவிடும், நேசையன் கொட்டகையில் காக்காய்கூட வராது என்று கணக்குப் போட்டேன். வக்கீல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"விடு, அவன் ஷெட்டுக்கு. ஒருத்தன் மேலே குத்தம் சொன்னா அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லணும். மெய்யாயிருந்தா, இனி இந்த அக்ரஹாரத்து வண்டி ஒண்ணும் அங்கே போகாது. பொய்யாயிருந்தா, மாப்பிள்ளையை நான் குதிரை வண்டியிலே அழைச்சுக்கறேன். உன் வண்டி பின்னே எந்த ஜானவாசத்துக்கும் வேண்டா. மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. வண்டியைத் திருப்பினேன்.

நேசையன் கோபப்படவில்லை. அதுவே எனக்கு முதல் அடி. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் ஸ்பானரை எறிந்திருப்பேன். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பாதி பீடியைக் காதில் செருகினான்.

"ரிங்கா இருக்கலாம் அய்யரே. இரும்புதானே, மனுஷனா? பாத்துப் போடுவோம்."

முதலில் பற்றவைக்காமல் கிராங்க் கம்பியை மெல்லச் சுற்றினான். சிலிண்டருக்குள் காற்று அடைபட்டு, கம்பியைத் திருப்பித் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலுக்குத்தான் கம்ப்ரஷன் என்று பேர். அது இருந்தால் இன்ஜினுக்கு உயிர். நேசையன் கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்க்கிற வைத்தியன் மாதிரி சுற்றினான். ஒரு தள்ளல் திடமாக வந்தது. அடுத்தது தொளதொளத்தது. மறுபடி திடம், மறுபடி தொளதொள.

"நாலுல ரெண்டுக்கு மூச்சு இல்ல. எந்த ரெண்டுன்னு பாப்போம். அய்யரே, உமக்க பெருவிரலைத் தாரும்."

"என் விரல் என்னாத்துக்கு?"

"வண்டி உமக்க வண்டி. சாட்சியும் உமக்க கையிலயே இருக்கட்டும்" என்றார் வக்கீல், அவனுடைய பேச்சையே பிடித்துக்கொண்டு.

ப்ளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாக என் கட்டைவிரலை வைக்கச் சொன்னான். அவன் சுற்றினான். ஒன்றாம் சிலிண்டர் என் விரலைப் பீரங்கி மாதிரி தூக்கி எறிந்தது. நாலாவதும் அப்படியே. இரண்டும் மூன்றும் குழந்தை தூக்கத்தில் ஊதுகிற மாதிரி ஊதின.

"இனி எண்ணெய்" என்றான் நேசையன். "நல்லாக் கேளும் வக்கீல் சாமி. ஓட்டை வழியாக் கொஞ்சம் எண்ணெய் விட்டா, அது இறங்கி ரிங்கு இடுக்கை அடைக்கும். ரிங்கு போயிருந்தா, எண்ணெய் விட்டதும் மூச்சு ஏறும். ஏறிச்சுன்னா பிழை எனக்க. நான் ஒத்துக்கிடுதேன். ஏறல்லன்னா, காத்து மேல எங்கயோ ஒழுகுது. ரிங்குல குத்தம் இல்ல."

பழைய நாளில் சுசீந்திரத்தில் குற்றம் சாட்டப்பட்டவனைக் கொதிக்கிற நெய்யில் கையை விடச் சொல்லி, சுட்டால் குற்றவாளி என்பார்களாம். இங்கே நெய்க்குப் பதில் இன்ஜின் எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம். கை விடுகிறவன் நேசையன், சுடப்போவது யாருக்கு என்பது எனக்கு மட்டும் தெரியும்.

உலகத்தில் எந்தச் சொந்தக்காரனும் செய்யாத காரியத்தை அப்போது செய்தேன். "பழவங்காடிப் பிள்ளையாரே, என் வண்டியின் ரிங் உடைந்திருக்கட்டும். அத்தனை ரிங்கும் சுக்குநூறாகப் போயிருக்கட்டும். நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். என் வண்டி நாசமாகப் போனாலும் சரி, அவன் கைராசி நாசமாக வேண்டும். பொறாமை என்பது அப்படி. தன் வீட்டுக் கூரையில் நெருப்பு வைத்து, பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் புகை போகிறதா என்று எட்டிப் பார்க்கும்.

நேசையன் நீள மூக்குக் குப்பியால் இரண்டாம் சிலிண்டரில் மூன்று அமுக்கு எண்ணெய் விட்டான். வக்கீல் எண்ணினார். நான் விரலை வைத்தேன். அவன் சுற்றினான்.

அதே குழந்தைதான் ஊதிற்று. எண்ணெய் குடித்த குழந்தை.

"ஏறியிருக்கு மாமா!" என்று கத்தினேன். "அம்மாடி, என்ன வேகம்! விரலே போயிடுத்து!"

"நகரு" என்றார் வக்கீல். மோதிரத்தைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு தன் விரலை வைத்தார். நேசையன் சுற்றினான். வக்கீல் என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பொய்ச் சாட்சிகளைப் பார்த்த கண்.

"விரல் போயிடுத்தா சேஷா? எனக்கு ஈ உக்காந்த மாதிரிகூட இல்லையே!"

மூன்றாம் சிலிண்டரிலும் அதே கதை. நூற்றெட்டுத் தேங்காயையும் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"ரிங்கு இல்ல" என்றான் நேசையன். அவன் முகத்தில் வெற்றி இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். நல்ல வைத்தியனின் கவலைதான் இருந்தது. "ரெண்டும் மூணும் பக்கத்துப் பக்கத்து வீடு. ரெண்டு பேருக்கும் ஒண்ணா மூச்சு போச்சுன்னா நடுச்சுவரு இடிஞ்சிருக்கும். சிலிண்டருக்கும் மேல்மூடி ஹெட்டுக்கும் நடுவுல இருக்க காஸ்கெட்டு எரிஞ்சிருக்கும். ஹெட்டைத் தூக்கினாத் தெரியும்."

தூக்கினான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் காஸ்கெட்டின் செப்புத் தகடு கருகி, ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. ஹெட்டின் அடிப்பக்கத்தில் எஃகு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். கோலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. பல்லி குடும்பத்தோடு போய் வரலாம்.

"வளைஞ்சு போச்சு. வண்டி நல்லாச் சூடாகி, அந்தச் சூட்டுலயே ஆரோ பச்சத் தண்ணி விட்டிருக்கணும்."

"அதாக்கும் கேள்வி" என்றார் வக்கீல். "எப்படிச் சூடாச்சு?"

நேசையன் ரேடியேட்டரைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தான். காற்று புகுந்து தண்ணீரை ஆற வைக்கிற அதன் தேன்கூட்டுக் கண்களில் பாதிக்கு மேல் அடைந்து கிடந்தன. ஒரு கம்பியை விட்டு நோண்டினான். உள்ளங்கையில் ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தான். நான் தள்ளி நின்றேன், ஆனாலும் எனக்கு வாசனை வந்தது. வெந்த மரிக்கொழுந்து. கூட வெந்த செவ்வந்தி, வெந்த துளசி, ஒரு துண்டு தென்னை ஈர்க்கு. ரசத்தில் போட்டிருந்தால்கூட அவ்வளவு பதமாக வெந்திருக்காது.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஊர் முழுக்க ஐந்து தலைப் பாம்பைப் பற்றிப் பேசியது அவன் காதிலும் விழுந்திருக்கும். கையை மெல்ல மூடிக்கொண்டான்.

"பழைய ரேடியேட்டரு வக்கீல் சாமி" என்றான். "உள்ள அழுக்கு அடைஞ்சு கிடக்கு. வைகாசியில ரிங்கு போட்டப்பமே நான் இதைக் கழுவி விட்டிருக்கணும். விட்டுப்போச்சு. பிழை எனக்கதான்."

எனக்குத் தப்பிப்பதற்கு வாசல் கதவு திறந்துவிட்டது. வண்டி தப்பியது, ஜானவாசம் தப்பியது, மானம் தப்பியது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

வக்கீல் அப்படியே நெகிழ்ந்துபோனார். "பார்த்தியா சேஷா! நீ அவன் மேலே குத்தம் சொன்னே. அவன் தன் குத்தத்தைத் தானே எடுத்துச் சொல்றான். இதாக்கும் மனுஷன்! தங்கமான மனசு! உன்னைச் சொல்லி என்ன பிரயோஜனம்?"

தங்கமான மனசாம்!

கம்பியைத் தூக்குவதில் அவன் முதல். காது கொடுத்துக் கேட்பதில் அவன் முதல். கைராசியில் முதல். இப்போது பெருந்தன்மையிலும் அவனே முதலா? அதுவும் என்னுடைய குற்றத்தைத் திருடி வைத்துக்கொண்டு! அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கையைத் திறவும் ஓய்!" என்று பாய்ந்தேன். "கையைத் திறவும்! உள்ளே இருக்கிறது அழுக்கில்லை மாமா, என்னோட பூவாக்கும்! தோவாளைப் பூ! பாம்பைக் கட்டி ரேடியேட்டரை அடைச்சது நான். புகை வந்தப்போ நிறுத்தாம ஓட்டினது நான். பச்சைத் தண்ணியைக் கொட்டினது நான். அதிலே சாம்பிராணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் நானாக்கும் செஞ்சேன்! இவருக்கு இதிலே ஒரு பங்கும் கிடையாது!"

நேசையன் கையைத் திறந்தான். வெந்த பூ அங்கே கிடந்தது.

"எதுக்கடா பாம்பு கட்டினே?" என்றார் வக்கீல்.

"எல்லாரும் இவரையே புகழ்ந்தா நான் பின்னே என்ன செய்யறது?"

வக்கீல் சிரிக்க ஆரம்பித்தார். கிழக்கேகோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். இரும்புக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நேசையன் சிரிக்கவில்லை. காதிலிருந்த பீடியை எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அய்யரே, ஒண்ணு சொல்லட்டா? இந்தச் சாலையில எத்தனை வண்டி எனக்க கையில வருது. ஒண்ணுக்காவது ஒருத்தன் பூ வெச்சுப் பாத்ததில்ல. உமக்க வண்டி வரும்போ எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கும். நமக்கு இப்படி ஒண்ணு இல்லியேன்னு."

அவன் என்மேல் பொறாமைப்பட்டானாம்! அந்தச் சந்தோஷத்தில் வக்கீலின் தீர்ப்பு என் காதில் பாதிதான் விழுந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு ஒரே ஒரு தடவை மன்னிப்பு. பாம்பு வண்டிக்குப் பின்பக்கம்தான் கட்ட வேண்டும். உள்ளே நிஜச் சாம்பிராணி வைக்க வேண்டும். நேசையன் தண்ணீர்ப் பாத்திரத்தோடு முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும்.

நேசையன் கனத்த கண்ணாடிப் பலகையில் வால்வு தேய்க்கிற பசையைத் தடவி, வளைந்த ஹெட்டை அதன்மேல் இரண்டு நாள் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினான். எட்டுப் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று எனக்கும் காட்டிக்கொடுத்தான். நான் தேய்த்த பக்கம்தான் அதிக வழுவழுப்பு. சாலையில் மூன்று கடை ஏறி இறங்கிப் புது காஸ்கெட் வாங்கினோம். ஏழாம் நாள் காலை கம்பியை என் கையில் கொடுத்தான். மூன்றே சுற்றில் கிளம்பிற்று. அவன் இரண்டு விரலால் ஒரே தூக்கில் கிளப்பியிருப்பான் என்பது வேறு விஷயம்.

ஜானவாசம் ஜெகஜ்ஜோதியாக நடந்தது. அதே நாகஸ்வரக்காரர், அதே மூலையில், இந்தத் தடவை கல்யாணி. வண்டி பெருமூச்சுகூட விடவில்லை. பின்னால் ஆதிசேஷன் ஐந்து தலையிலும் சாம்பிராணி விட்டுக்கொண்டு வந்தது. "நேசையன் கைராசி!" என்று மாமிகள் சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாரனை அமுக்கினேன். அப்போது நேசையன் திரும்பிப் பார்த்து, "பாம்பு ஜோரா இருக்கு அய்யரே" என்றான். அடுத்த இரண்டு தெருவுக்கு நான் சக்கரவர்த்தி.

இறங்கினபோது வக்கீல் எங்கள் இரண்டு பேருக்கும் மாலை போட்டார். நான் நன்றியோடு கும்பிட்டேன். கும்பிட்டபடியே ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் மாலை இடுப்புக்குக் கீழே தொங்கிற்று. என்னுடையது வயிற்றோடு நின்றுவிட்டது. பூவைச் சரிசெய்கிற சாக்கில் அவன் மாலையைப் பிடித்து என் மாலையோடு சேர்த்துப் பார்த்தேன். நாலு விரற்கடை வித்தியாசம்!

வீட்டுக்கு வந்து சூடாமணியிடம் புலம்பினேன். அவள் மாலையை வாங்கிச் சுவாமி படத்துக்குச் சார்த்திவிட்டுச் சொன்னாள்.

"அவர் உங்களைவிட உசரம். உசரத்துக்குத் தக்கபடி கட்டியிருப்பா. இதிலே என்ன கொறைச்சல்?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். உயரத்திலும் அவன் என்னைவிட எதற்காக அதிகமாக இருக்க வேண்டும்?